பழனிமலையை வளைத்துப் போங்கள்: சேலம், கோவை, மதுரை, திருச்சி வழியாக முதல் தனி நெடும்பறத்தல் – முழு வழிகாட்டி

இது தனியாக வட்டப்பாதைப் பறத்தலை முடித்து, பயிற்றுநருடன் இரண்டு மூன்று கிராஸ் கன்ட்ரி (ஓர் ஊரிலிருந்து வேறு ஊருக்குப் பறத்தல்) போய்வந்த பயிற்சி விமானிக்கு. அடுத்து வருவது, பக்கத்து இருக்கையில் ஆளில்லாமல் நான்கு ஊர்களைத் தொட்டுத் திரும்பும் நீண்ட நாள். மாணவனாக இந்தச் சுற்றைப் பறந்திருக்கிறேன். அதன் பிறகு பல பேரை அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பும் வரை தேநீரைக் குடிக்காமல் ஆறவிட்டுக் காத்திருந்திருக்கிறேன். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: கோவைக்கும் மதுரைக்கும் நடுவே, பழனிமலையின் கிழக்கு முனையில். அதனால் அந்தப் பகுதியை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

1. ஏன் இந்த நான்கு ஊர்கள்

வணிக விமானி உரிமத்துக்குக் கேட்கும் 200 மணி நேரத்துக்குள், குறைந்தது 300 கடல் மைல் நீளமுள்ள ஒரு பயணம் இருக்க வேண்டும். அதில் புறப்பட்ட இடம் தவிர இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுதாக நிற்கவும் வேண்டும். தொட்டவுடன் கிளம்புவது கணக்கில் வராது.

சேலத்திலிருந்து கோவை சுமார் 75 கடல் மைல். கோவை–மதுரை 95, மதுரை–திருச்சி 67, திருச்சி–சேலம் 72. கூட்டினால் 309. நேர்க்கோட்டில் பறந்தாலே 300 தாண்டிவிடுகிறது. ஆனால் நேர்க்கோட்டில் பறக்கப் போவதில்லை. காரணம் நான்காம் படியில்.

2. எந்தப் பக்கமாகச் சுற்றுவது

வரைபடத்தைத் திறக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. பலர் இதை முடிவு செய்வதே இல்லை, ஏதோ ஒரு பக்கம் கிளம்பிவிடுகிறார்கள்.

முதலில் கோவை, அடுத்து மதுரை, பிறகு திருச்சி, கடைசியில் சேலம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பழனிமலை காலை எட்டு மணிக்குத் தெளிவாகத் தெரியும். பத்து மணி தாண்டினால் வெயில் சரிவுகளைச் சூடாக்கி மேகத்தை எழுப்பும், அதன் முகடுகளில் ஒன்றான பெருமாள்மலை முக்காடு போட்டுக்கொள்ளும். மார்ச் முதல் மே வரை அதே மேகம் பிற்பகலில் இடியாக முடியும். கோவையை முதலில் வைத்தால் ஒன்பதேகாலுக்குள் மலையோரத்தைக் கடந்துவிடலாம். திருச்சி வழியாகச் சுற்றினால் அதே இடத்துக்குப் பதினொன்றரைக்குத்தான் வந்து சேர்வீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாக இருந்தால், பாலக்காட்டுக் கணவாயில் இருந்து பீறிட்டு வரும் காற்றும் அப்போது முகத்தில்தான் அடிக்கும்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்லவை. விடியற்காலை மூடுபனி மட்டும் கொஞ்சம் காக்க வைக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

உரிமம், மருத்துவச் சான்று, ரேடியோ தொலைபேசி உரிமம், பயிற்றுநர் கையெழுத்திட்ட தனிப்பறத்தல் அனுமதி, விமானத்தின் ஆவணங்கள். இவற்றை யாரும் மறப்பதில்லை.

மறப்பவை சின்னச் சின்னப் பொருள்கள். இரண்டு பென்சில் வேண்டும், ஒவ்வொன்றையும் தொடைப் பலகையில் நூலால் கட்டியிருக்க வேண்டும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். ஓடும் கடிகாரம் ஒன்று கையில், ஒன்று பலகையில். ஒரு லிட்டர் தண்ணீர். வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். இரண்டு இட்லியாவது போதும், பொங்கல் வேண்டாம். ஒன்பது மணி வெயிலில் பொங்கல் தூங்க வைத்துவிடும்.

கைப்பேசியில் ஜிபிஎஸ் வரைபடம் வைத்திருப்பதைத் தடுக்கமாட்டேன். ஆனால் அது பையில் இருக்கட்டும். மடியில் வைத்த மாணவனின் கண் கண்ணாடிக்கு வெளியே போவதே இல்லை.

4. வரைபடம்: கோட்டை எங்கே வளைப்பது

முந்தைய நாள் மாலை, மேஜைமேல், அவசரமில்லாமல் செய்ய வேண்டிய வேலை. கூர்மையான பென்சிலை எடுங்கள். பத்து லட்சத்துக்கு ஒன்று அளவுள்ள வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். தடித்த பேனாவால் கோடு போட்டால் தேடும் ஊர் கோட்டுக்கு அடியிலேயே மறைந்துவிடும்.

கோவையையும் மதுரையையும் நேராக இணைத்துப் பாருங்கள். கோடு பழனி ஊருக்கு மேல் போகும். அழகாகத்தான் இருக்கும். அதன் பிறகு தாண்டிக்குடிக்குக் கிழக்கே இரண்டு கடல் மைலில் கீழ்ப்பழனி மலைக்குள் நுழைந்து, வத்தலக்குண்டுப் பக்கம் வெளியே வரும். பத்தில் ஆறு மாணவர்கள் இந்தக் கோட்டைத்தான் என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

"சார், 7,500 அடியில் போனால் மலைக்கு மேலே போதிய இடைவெளி இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறது. கேள்வி இடைவெளியைப் பற்றியதல்ல. நம் பயிற்சி விமானமான செஸ்னா 172-இன் எஞ்சின் நின்றால் ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல் மிதக்கும். மலைமுகட்டுக்கு மேல் 2,000 அடி என்றால் மூன்று மைல். அந்த மூன்று மைலுக்குள் காப்பித் தோட்டமும் சரிவும் சோலையும்தான் உண்டு, இறங்க ஒரு வயல் கிடையாது. அதே விமானம் சமவெளிக்கு மேல் 5,500 அடியில் இருந்தால் ஆறு ஏழு மைல் சுற்றளவில் எந்தத் தரிசையும் தேர்ந்தெடுக்கலாம்.

ஆகவே கோட்டை இப்படி வளையுங்கள் (திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக டிகிரியில், தூரம் கடல் மைலில்; இந்த வழிகாட்டியில் மைல் என்றாலே கடல் மைல்தான்):

கோவையிலிருந்து ஒட்டன்சத்திரம்: திசை 128, தூரம் 53.
ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்: திசை 120, தூரம் 15.
திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு: திசை 200, தூரம் 12.
கொடைரோட்டிலிருந்து மதுரை விமான நிலையம்: திசை 151, தூரம் 24.

மொத்தம் 104. நேர்க்கோட்டைவிட ஒன்பது மைல் கூடுதல், நேரத்தில் ஐந்தாறு நிமிடம்.

கொடைரோடு எதற்கு, திண்டுக்கல்லில் இருந்து நேராக மதுரைக்குப் போகலாமே என்று தோன்றும். அந்தக் கோட்டில் சிறுமலை உட்கார்ந்திருக்கிறது. பழனிமலையிலிருந்து தப்பித்துச் சிறுமலையில் போய் முட்டுவது என்று எங்கள் பக்கம் இதைச் சொல்லிச் சிரிப்போம். ரயில்பாதை போட்டவர்கள் இரண்டு மலைகளுக்கும் நடுவே உள்ள வெளியில் போட்டார்கள். நீங்களும் அதன்மேலேயே போங்கள்.

இதே பிழை திருச்சி–சேலம் கோட்டிலும் காத்திருக்கிறது. நேராகப் போட்டால் கொல்லிமலை குறுக்கிடும். நாமக்கல் வழியாக வளையுங்கள்: திருச்சி–நாமக்கல் 42, நாமக்கல்–சேலம் 34. நான்கு மைல்தான் கூடும். இப்போது முழுச்சுற்று ஏறத்தாழ 322 கடல் மைல்.

கோடு போட்டபின் ஒவ்வொரு பத்து மைலுக்கும் ஒரு சிறு குறுக்குக் கோடு போட்டு, அங்கே என்ன தெரிய வேண்டும் என்பதையும் எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். "தாராபுரம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "தாராபுரம், இடப்பக்கம் மூன்றரை மைல், அமராவதி ஆறு ஊரை ஒட்டி" என்று எழுத வேண்டும்.

5. காற்றுக் கணக்கு

ஜூலையில் 5,500 அடியில் காற்று 270 திசையிலிருந்து 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் வேகம் 100 நாட், பாதை 128. வலப்பக்கப் பின்புறமிருந்து அடிக்கும் காற்றின் குறுக்குப் பங்கு 15 நாட். மூக்கை 9 டிகிரி வலப்பக்கம் திருப்பி 137-இல் பிடிக்க வேண்டும். தரைவேகம் 118 ஆகும்.

திருத்தம் போடாமல் 128-ஐயே பிடித்தால் என்ன ஆகும்? ஒட்டன்சத்திரம் வரவேண்டிய நேரத்தில் ஏழு மைல் இடப்பக்கம் ஒதுங்கி, இடையகோட்டைப் பக்கம் எதையோ பார்த்து இதுதான் ஒட்டன்சத்திரம் என்று சாதித்துக்கொண்டிருப்பீர்கள்.

வரைபடத்தின் திசைக்கும் காம்பஸுக்கும் உள்ள வேறுபாடு நம் பகுதியில் இரண்டு டிகிரியை ஒட்டியது, மேற்கு. சிறிது என்று விட வேண்டாம், கூட்டிக்கொள்ளுங்கள்: 137 என்பது காம்பஸில் 139. பழக்கம் முக்கியம்.

உயரத்தையும் இப்போதே எழுதிவிடுங்கள். காம்பஸ் திசை 0 முதல் 179 வரை என்றால் ஒற்றைப்படை ஆயிரத்துடன் 500, மற்றதற்கு இரட்டைப்படை ஆயிரத்துடன் 500. சேலம்–கோவை 4,500. கோவை–திண்டுக்கல் 5,500. திண்டுக்கல்–கொடைரோடு பாதை 200 என்பதால் 4,500-க்கு இறங்க வேண்டும். மதுரைக்கு இறங்கும் முதல் படியும் அதுவே ஆகிவிடுகிறது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேறு உயரம் சொன்னால் அவர் சொன்னதுதான்.

6. எரிபொருள்

172-இல் பயன்படுத்தக்கூடியது சுமார் 200 லிட்டர். 322 மைலுக்கு மூன்றேகால் மணி, நான்கு முறை தரையில் ஓடுவதற்கும் வட்டமடிப்பதற்கும் முக்கால் மணி. மணிக்கு 34 லிட்டர் என்றால் 136. முக்கால் மணி இருப்புக்கு 26 சேர்த்தால் 162. முழுத் தொட்டியுடன் கிளம்பினால் ஒரு நாளுக்குப் போதும்.

போகிற இடத்தில் ஊற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். பெரிய விமான நிலையங்களில் ஜெட் எரிபொருள் தாராளமாகக் கிடைக்கும், நம் பிஸ்டன் எஞ்சினுக்கான ஏவ்காஸ் பல இடங்களில் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் இறங்கியவுடன் அளவுகோலை விட்டு இரண்டு தொட்டியையும் அளந்து எழுதுங்கள். முள் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். அளந்தபின் மூடி இறுகியிருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். தளர்ந்த மூடி வழியாகப் பறக்கும்போது எரிபொருள் உறிஞ்சப்பட்டு வெளியே போகும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது.

7. புறப்படும் காலை

வரிசை: வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு), ஃப்ளைட் பிளான் (பயணத் திட்டம்), அனுமதி எண்கள், விமானம். விமானத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முன்கூட்டியே சுற்றிப்பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் காகிதத்தில் மூழ்கினால், அதற்குள் யாராவது கதவைத் திறந்திருப்பார்கள், சக்கரத்தைத் தள்ளியிருப்பார்கள்.

வானிலை அறிக்கைகள் எல்லாம் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் வரும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். காலை 6.45 என்றால் 0115. கவனம்: காலை ஐந்தரைக்கு முன் வெளியான அறிக்கையில் தேதி முந்தைய நாளாக இருக்கும். பழைய அறிக்கை என்று அதை ஒதுக்கிவிட்டு, உண்மையிலேயே பழையதைப் படித்தவரைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டாமில் முதலில் பார்க்க வேண்டியது நான்கு நிலையங்களின் வேலை நேரம். பார்வை 5 கிலோமீட்டருக்குக் குறைந்தால் கிளம்ப வேண்டாம். மலைப்பக்கம் என்பதால் நான் 8 இல்லாமல் அனுப்புவதில்லை.

நான்கு பகுதிகளுக்கும் தனித்தனி ஃப்ளைட் பிளான் கொடுங்கள். எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) தரும் எண், வான் பாதுகாப்பு அனுமதி எண் இரண்டும் கைக்கு வராமல் எஞ்சினை இயக்க வேண்டாம். அனுமதி எண்ணின் ஆங்கிலச் சுருக்கம் ADC, கட்டுப்பாட்டுக் கோபுரத்துடையது ATC; தமிழில் எழுதினால் இரண்டுமே ஏடிசிதான். பலகையில் முன்னதை "வான் எண்" என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்காவது தாமதமானால் புதிய நேரத்தை உடனே தெரிவியுங்கள்.

8. சேலம்–கோவை

எளிய பகுதி. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து எழும்பியதும் மேட்டூர் அணை நீர் வலப்பக்கம் பளபளக்கும். அதைப் பார்த்துக்கொண்டே மூக்கை அங்கே திருப்பிவிடாதீர்கள். பவானி கூடுதுறை இடப்பக்கம் மூன்று மைலில் வர வேண்டும். இரண்டு ஆறுகள் ஒன்றாகும் இடம் தவறவே தவறாது. அதன் பிறகு அவிநாசி ஏறத்தாழ நேர் கீழே.

இங்கே ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்: கடிகாரம், வரைபடம், தரை, இந்த வரிசை. முதலில் நேரத்தைப் பாருங்கள். அந்த நேரத்துக்கு என்ன வர வேண்டும் என்று வரைபடத்தில் பாருங்கள். பிறகுதான் கீழே தேடுங்கள். புதியவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். கீழே ஒரு ஊரைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பெயரை வரைபடத்தில் தேடுகிறார்கள். கொங்கு நாட்டில் ஓர் ஏரி, ஒரு கோவில், ஒரு நூற்பாலை இல்லாத ஊர் எது? எந்தப் பெயரும் பொருந்தும்.

9. கோவை

கோவை நிலையத்துக்கு ஏறத்தாழ ஏழு மைல் கிழக்கே சூலூர் விமானப்படைத் தளம். இரண்டின் ஓடுதளமும் ஏறக்குறைய ஒரே திசையில் கிடக்கின்றன. அவிநாசிப் பக்கமிருந்து வருபவருக்கு முதலில் கண்ணில் படுவது சூலூராக இருக்கலாம். கோபுரம் சொல்வதைத் திருப்பிச் சொல்லும்போது, திசை முள்ளையும் மீதி மைலையும் பார்த்து உறுதி செய்த பிறகே இறக்கத்தைத் தொடங்குங்கள். திரும்பிப் போகும்போதும் சூலூர் இடப்பக்கம் இருக்கும். சொன்ன உயரத்தையும் திசையையும் அணுவளவும் மீற வேண்டாம்.

பெரிய விமானங்களுக்குப் பின்னால் நிற்க வைப்பார்கள். அவை எழும்பிய இடத்தில் சுழல்காற்று நிற்கும். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள், "தயார்" என்று வீறாப்புக் காட்ட வேண்டாம்.

தரை உயரம் சுமார் 1,320 அடி. வெப்பம் 35 டிகிரி என்றால், விமானம் தான் 4,000 அடியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஏறும் வேகம் சேலத்துக் காலையைவிடக் குறைவாக இருக்கும், பதற வேண்டாம், மூக்கை உயர்த்தவும் வேண்டாம்.

கிளம்பும் முன் உயரமானியைப் புதிய கியூஎன்எச்சுக்கு (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அவ்விடத்துக் காற்றழுத்தம்) திருப்புங்கள். நம் பகுதியில் அழுத்தம் ஏறக்குறைய தினமும் காலை பத்து மணிவாக்கில் உச்சத்துக்குப் போய் மாலை நான்கு மணிவாக்கில் இறங்கும், நான்கு ஹெக்டோபாஸ்கல் வரை. மறந்துபோனால் பிற்பகலில் உயரமானி நூறு அடிக்கு மேல் பொய் சொல்லும்.

10. கோவை–மதுரை: மலை எப்போதும் வலத்தோளில்

எழும்பி காம்பஸ் 139-இல் நிலைத்ததும் நேரத்தை எழுதுங்கள். பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள் நூறு நூறாக நிற்கும். இவை வெறும் காட்சியல்ல. விசிறியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. முன்னறிவிப்பு 270 என்றிருக்க, விசிறிகள் தென்மேற்கைப் பார்த்து நின்றால் கணக்கை அங்கேயே திருத்துங்கள். தரைக்காற்றும் மேல்காற்றும் ஒன்றல்ல, ஆனாலும் இது இலவசமாகக் கிடைக்கும் சாட்சி.

தாராபுரம் புறப்பட்டு 34 மைலில் வரும். இடப்பக்கம் மூன்றரை மைலில் இருக்க வேண்டிய ஊர் காலுக்கடியில் இருந்தால், 34 மைலில் மூன்றரை மைல் விலகியிருக்கிறீர்கள். அறுபது மைலுக்கு ஒரு மைல் என்றால் ஒரு டிகிரி என்ற கணக்கில் பிழை 6 டிகிரி. மீதி 19 மைலில் அந்த மூன்றரையைச் சரிக்கட்ட இன்னும் 11. ஆக 17 டிகிரி வலம். இதே விலகலைப் பல்லடம் பக்கமே கண்டிருந்தால் பாதித் திருத்தம் போதும்.

என் தனிப்பறத்தலில் நான் செய்த பிழை இதற்கு நேர்மாறானது. ஜைரோ திசைமுள் தானாகவே மெல்ல விலகும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காம்பஸைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கோவையில் சரிசெய்தேன், அதோடு மறந்துவிட்டேன். முள் 139 காட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்கக் கண்ணாடியில் இருக்க வேண்டிய மலை, கொஞ்சம் கொஞ்சமாக முன்கண்ணாடிக்கு நகர்ந்து வந்தது. நான் பிறந்து வளர்ந்த பக்கம், கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும் என்ற திமிர். அதனால் மலை கிட்டத்தில் தெரிவதை ரசித்துக்கொண்டிருந்தேன். பழனிக் கோவில் மலையும் பக்கத்தில் இடும்பன் மலையும் நேர் எதிரே, கோபுரத்தின் நிழல் பிரிந்து தெரியும் அளவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. காம்பஸைப் பார்த்தேன், 153. பதினான்கு டிகிரி. கீழே தண்டவாளம் தெரிந்தது. அதன்மேல் இடப்பக்கம் திரும்பி ஒட்டன்சத்திரம் போனேன். ஒட்டன்சத்திரத்தில் வெங்காய லாரிகள் சந்தை வாசலில் வரிசை கட்டியிருந்ததைப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே விதி: கோவையிலிருந்து திண்டுக்கல் வரை பழனிமலை வலத்தோளில்தான் இருக்க வேண்டும். மூக்குக்கு நேரே வந்தால், கருவி என்ன சொன்னாலும் இடப்பக்கம் திரும்பிவிட்டு அதன் பிறகு யோசியுங்கள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ரயில்பாதையை இடப்பக்கம் வைத்துத் திண்டுக்கல். ஊரை உறுதி செய்ய இரண்டு அடையாளம்: திண்டு போட்டதுபோல் ஒற்றைப் பாறை, அதன்மேல் கோட்டை. இன்னொன்று, திருச்சி, கரூர், பழனி, மதுரை என நான்கு திசைத் தண்டவாளங்கள் கூடுமிடம். இரண்டையும் பார்த்தபிறகே 200-க்குத் திரும்புங்கள்.

இப்போது இடப்பக்கம் சிறுமலை, வலப்பக்கம் பழனிமலை. மேல்காற்று மேற்கிலிருந்து பலமாக இருக்கும் நாளில், பழனிமலையைத் தாண்டி வரும் காற்று அதன் கிழக்குச் சரிவில் கீழே கொட்டும். அந்தப் பக்கம் ஒட்டினால் விமானம் மணல்மூட்டைபோல் இறங்கும். சிறுமலையின் மேற்கு முகத்தில் அதே காற்று மேலே ஏறும். ரயில்பாதை சிறுமலை அடிவாரத்தை ஒட்டியே போவதால், அதற்குச் சற்று வலப்பக்கமாகப் பறந்தால் கொட்டும் காற்றிலிருந்து விலகியும் இருப்பீர்கள், திரும்ப வேண்டுமானால் வலப்பக்கம் முழு வெளியும் கிடைக்கும். குலுக்கினால் வேகத்தைக் குறைத்து, சிறகைச் சமமாக மட்டும் பிடியுங்கள். உயரம் நூறு இருநூறு அடி ஏறி இறங்கட்டும், துரத்த வேண்டாம்.

கொடைரோட்டுக்கு அப்பால் மேகம் தரையைத் தொட்டால் உள்ளே போகாதீர்கள். திரும்பித் திண்டுக்கல் வந்து, அங்கிருந்து வடகிழக்கே தண்டவாளத்தோடு திருச்சிக்குப் போய்விடுங்கள். இந்த மாற்று வழியை முந்தைய மாலையே கணக்கிட்டு எழுதி வைத்திருக்க வேண்டும், குலுங்கும் விமானத்தில் கணக்கு வராது.

கொடைரோட்டில் மதுரைக் கோபுரத்துடன் பேசி இறக்கம் கேளுங்கள். மதுரையின் உயரம் சுமார் 460 அடி. நிலையம் ஊருக்குத் தெற்கே. நகரத்தைத் தாண்டித்தான் வரும்.

11. மதுரை–திருச்சி

திசை 33, தூரம் 67. அழகர்மலை இடப்பக்கம் இரண்டு மைல், அதை விட்டு விலகியே இருங்கள். நான்குவழிச் சாலை முதலில் வலப்பக்கம் இருக்கும், துவரங்குறிச்சிக்குள் இடப்பக்கம் மாறிவிடும். மாறவில்லை என்றால் நீங்கள் விலகியிருக்கிறீர்கள். விராலிமலைக் குன்று இடப்பக்கம். திருச்சி நிலையம் நகரத்துக்குத் தெற்கே இருப்பதால் மலைக்கோட்டையைத் தேடிக்கொண்டே போனால் ஓடுதளத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

12. திருச்சி–சேலம்

இது சோர்வின் பகுதி. கடினமானது முடிந்துவிட்டது என்ற நினைப்பும் மதிய வெயிலும் சேர்ந்து வேலையைக் காட்டும். திருச்சியில் அரை மணியாவது நிழலில் உட்காருங்கள். காவிரியைத் தாண்டி நாமக்கல் வரை 310, கொல்லிமலை வலப்பக்கம். நாமக்கல்லின் ஒற்றைப் பாறையைப் பார்த்து 350-க்குத் திரும்புங்கள். கஞ்சமலை இடப்பக்கம் வரும். அதற்கப்பால் சேர்வராயன் மலை முன்னால் வலப்பக்கமாக எழும்போது, ஓடுதளம் அதற்கு இடப்பக்கம் சமவெளியில் கிடக்கும்.

13. வழி தவறினால்

மூன்று நிமிடத்துக்கு மேல் தேட வேண்டாம். உயரம் அனுமதித்தால் ஏறுங்கள், ரேடியோவில் சொல்லுங்கள். "எங்கே இருக்கிறேன் என்று உறுதியில்லை" என்று சொன்ன மாணவரை எந்தக் கட்டுப்பாட்டாளரும் கேலி செய்து நான் கேட்டதில்லை. டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) ரேடியோ போனால் 7600, ஆபத்தென்றால் 7700.

கோவை–திண்டுக்கல் பகுதியில் இன்னொரு கைவிளக்கு உண்டு. மலையைப் பார்த்துத் தெற்கே போங்கள். அடிவாரத்துக்கு முன்பே பொள்ளாச்சி–பழனி–திண்டுக்கல் ரயில்பாதை குறுக்கே வரும். அதில் இடப்பக்கம் திரும்பினால் திண்டுக்கல்லில் கொண்டுபோய் விடும். என்னைக் காப்பாற்றியதும் அதுதான்.

14. இறங்கிய பிறகு

நான்கு பகுதிகளையும் லாக் புத்தகத்தில் தனித்தனி வரியாக, அன்றே எழுதுங்கள். திட்டமிட்ட நேரம், ஆன நேரம், அளந்த எரிபொருள் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். கோவை–மதுரை வரியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அவர் கேட்பார், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

விமானத்தைக் கட்டிப் போடும் முன் இருக்கையை முன்னால் தள்ளி, மிதிக்கட்டைகளுக்குக் கீழே கையை விட்டுத் துழாவுங்கள். நூல் அறுந்த பென்சில் ஒன்று அங்கே உருண்டு கிடக்கும். அதை எடுக்காமல் போனால், நாளைக் காலை ஓடுதளத்தில் வலப்பக்க மிதியை அழுத்துகிற அடுத்த மாணவரின் காலுக்கு அது தட்டுப்படும்.